செவ்வாய்க்கிழமை, அரிசிபாளையம்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாற்காலி.
உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும்.
சுவரில் நோவாவின் பேழை,
காகிதத்தில் வெட்டி ஒட்டிய ஒட்டகச்சிவிங்கி.
"படகை விட்டு எறங்குனதும் திராட்சை நட்டு
குடிச்சுட்டு அம்மணமாக் கெடந்தவருங்க,
நம்ம ஆளுதான்" என்றார் லாரி ஆபீஸ் எம்.
ஒன்பது பேர் சிரித்தார்கள்.
மூன்று மாதத்தில் நான் சிரித்தது அன்றுதான்.

என் பெயர் சாக்ரடீஸ். குடிநோயாளி.
கருப்புச் சட்டையை நிழலில் உலர்த்தி
காலர் வெளுக்காமல் பார்த்துக்கொண்ட அப்பா
ஆசையாய் வைத்த பெயர்.
கோப்பையை மட்டும் நானாகத் தேடிக்கொண்டேன்.

இந்த ஊரில் பெயர் சொன்னால் ஊர் கேட்பார்கள்,
ஊர் சொன்னால் தெரு கேட்பார்கள்,
தெரு சொன்னால் போதும்,
மீதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.
இங்கே எம்., இங்கே ஜவ்வரிசி மில் டி.,
டீச்சருக்கு எழுத்துகூட இல்லை, வெறும் டீச்சர்.
அப்பா நாற்பது வருஷம் மேடையில் கேட்டது
ஒரு சர்ச்சின் பின்னறையில் கிடைக்கிறது.
அவரிடம் இதை எப்படிச் சொல்ல?

முதல் படி எளிது. தோற்றேன் என்பது.
லேத்தில் விரல் போன அன்றே தெரிந்ததுதான்.
இரண்டாவதில் நின்றுவிட்டேன்:
நம்மைவிடப் பெரிய ஒரு சக்தி.
டி. மாலை போட்டவர். நாற்பத்தெட்டு நாள் சுத்தம்.
பதினெட்டுப் படி ஏறி இறங்கி
மாலை கழற்றிய கையாலேயே மூடியைத் திருகினார்.
டீச்சர் கோட்டை மாரியம்மன் முன்னால்
கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர்.
உள்ளங்கையில் தழும்பு மட்டும் இருக்கிறது.
எம். மணிக்கட்டில் மூன்று கோயில் கயிறு, ஒரு தர்கா தாயத்து.
"சாமியெல்லாம் சரிதாங்க.
ராத்திரியானா நடை சாத்திடறாங்க."

"இது எங்க ஆரம்பிச்சது?" என்று கேட்டேன்.
ஆதாரம் கேட்டு வளர்ந்த வாய்.
"எங்கியோ வெளிநாட்டுல.
ஜெபக் கூட்டத்துலதான் முளைச்சதுங்கறாங்க.
அப்புறம் ஒரு குடிகாரன்,
தான் குடிக்காம இருக்கறதுக்காக,
இன்னொரு குடிகாரனைத் தேடிப் போயிருக்கான்.
போனவன் போதிக்கல. தன் கதையச் சொன்னான்."
டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஐப்பசி. ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில்
காபிப் பழம் உரிக்கும் எந்திரத்துக்கு ஷாஃப்ட் மாற்றினேன்.
சட்டைப் பையில் கூலி நாலாயிரம்.
மழை. மணி எட்டரை.
அடிவாரத்துக் கடை பத்து வரை.
மூளை தானாகக் கழித்துப் பார்த்தது.

இருபதாவது வளைவில் வண்டியை நிறுத்தி எம்.முக்கு அடித்தேன்.
போனைத் துண்டால் காதோடு கட்டிக்கொண்டேன்.
அவர் புத்தி சொல்லவில்லை.
டயர் விலை. மகளுக்கு அம்மை.
தானே வைத்த ரசத்தில் உப்பு ஏறிப்போனது.
பதினேழில் சிக்னல் போய்
பதினாறில் "அதனால நான் அம்மிக்கல்லத் தூக்கிட்டு"
என்று வந்தது.
பதினொன்றில் மறுபடி போனது.
ஒன்பது வரை வெறும் மழை,
கீழே ஊர் முழுக்க விளக்கு,
அதில் எது எந்த விளக்கென்று எனக்குத் தெரியும்.

கேட்காத வளைவிலும்
அவர் பேசிக்கொண்டுதான் இருப்பார் என்று
நம்பினேன்.

அப்பாவுக்குப் பிடிக்காத சொல்.

அடிவாரம். கடையில் வெளிச்சம்,
கம்பிக்குள் நுழைந்து வெளிவரும் கைகள்.
"எங்க இருக்கீங்க?"
"கீழ."
"ஈரத் துணிய மாத்துங்க" என்று வைத்துவிட்டார்.
நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன்.
வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது.

நோட்டில் இரண்டாவது படிக்கு நேரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
டி. கேட்டால்
பதினொன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்பேன்.
புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டுவார்.
நாற்காலிகளை அடுக்க வேண்டும்.
ஞாயிறுக்குள் யாராவது பசை வாங்கி வந்தால் நல்லது.
ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு காது
பிரிந்து தொங்குகிறது.